தூக்குக் குண்டு முதலில் நம் சுவருக்கே



இறைவாக்கினர் என்ற சொல்லைக் கேட்டவுடன், நாளை நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்பவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். குடுகுடுப்பைக்காரர் வாசலில் நின்று நல்ல காலம் பிறக்குது என்று சொல்வதைப் போல விவிலியத்தின் இறைவாக்கினர்கள் பேசவில்லை. அவர்கள் தங்கள் காலத்து மக்களின் வாழ்க்கையைக் கடவுளின் கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததை மறைக்காமல் சொன்னார்கள். அதனால் அடியும் பட்டார்கள், விரட்டவும் பட்டார்கள். அப்படி விரட்டப்பட்ட ஒருவர்தான் ஆமோஸ். அவருடைய நூலில் இருப்பவை 9 அதிகாரங்கள்தாம். ஒருநாள் மாலை செபமாலை முடிந்தபின் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஆனால் வாசித்தபின் தூக்கம் எளிதில் வராது.

தெக்கோவாவிலிருந்து பெத்தேலுக்கு

ஆமோசின் ஊர் தெக்கோவா. பெத்லகேமுக்குத் தெற்கே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவில், யூதாவின் வறண்ட மேட்டு நிலத்தில் உள்ளது. அவர் ஆடு மேய்த்தவர். காட்டு அத்தி மரங்களிலும் வேலை செய்தவர். காட்டு அத்தி ஏழைகளின் பழம். காயைக் கீறிவிட்டால்தான் அது நன்றாகப் பழுக்கும். அந்த மரம் தெக்கோவாவின் குளிர்ந்த மேட்டில் வளராது, தாழ்நிலத்தில்தான் வளரும். ஆகவே அவர் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போய் வந்தவராக இருக்க வேண்டும். நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் வெளியூர் போய்வரும் நம் மக்களுக்கு அந்த வாழ்க்கை புரியும்.

காலம் கிறிஸ்து பிறப்பதற்கு முன் எட்டாம் நூற்றாண்டு. தெற்கே யூதாவில் உசியா அரசர். வடக்கே இஸ்ரயேலில் இரண்டாம் எரொபவாம். வடநாட்டுக்கு அது பொற்காலம். எல்லைகள் விரிந்தன, வணிகம் பெருகியது. தலைநகர் சமாரியாவில் செல்வர்கள் தந்தம் பதித்த கட்டில்களில் சாய்ந்துகொண்டு, உயர்ந்த எண்ணெய் பூசி, கிண்ணம் கிண்ணமாகத் திராட்சை இரசம் பருகியதை ஆமோஸ் கடிந்துகொள்கிறார். இது அவருடைய கற்பனை அன்று. 1910-இல் சமாரியாவில் அகழ்ந்தபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. எந்த ஊரிலிருந்து, யாருக்கு, எத்தனை சாடி பழைய திராட்சை இரசம், எத்தனை சாடி எண்ணெய் வந்தது என்ற கணக்கு அவற்றில் இருந்தது. நம் கீழடியில் பானை ஓடுகளில் மனிதர்களின் பெயர்கள் கிடைத்தன அல்லவா, அதைப்போல. 1930-களில் நடந்த அகழாய்வில் தந்த வேலைப்பாடுகளின் துண்டுகளும் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன.

செல்வம் இருப்பது பாவம் என்று ஆமோஸ் சொல்லவில்லை. அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒரு சோடிக் காலணியின் விலைக்கு ஏழை விற்கப்பட்டான். மரக்கால் சிறுத்தது, எடைக்கல் பெருத்தது. பதரையும் தானியத்தோடு கலந்து விற்றார்கள். ஏழையிடம் அடகாக வாங்கிய போர்வையை விரித்து, பலிபீடத்தின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்தார்கள். ஆனால் கோவிலுக்குப் போகாமல் இருந்தார்களா? இல்லை. பெத்தேலிலும் கில்காலிலும் திருவிழாக்கள் நிரம்பி வழிந்தன. பலி குறையவில்லை, பத்திலொரு பங்கு குறையவில்லை, பாட்டும் இசையும் குறையவில்லை. அந்தத் திருவிழாக்களைத்தான் ஆண்டவர் வெறுப்பதாக ஆமோஸ் அறிவித்தார்.

கைதட்டிக் கேட்ட கூட்டம்

ஆமோஸ் பேசிய முறையைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் அவர் இஸ்ரயேலைக் குற்றம் சொல்லவில்லை. முதலில் தமஸ்கு, அடுத்து காசா, பிறகு தீர், ஏதோம், அம்மோன், மோவாபு என்று அக்கம்பக்கத்து நாடுகளின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கேட்டவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்! சரியாகச் சொன்னீர்கள் என்று தலையாட்டியிருப்பார்கள். ஏழாவதாக யூதாவைச் சொன்னார். அதற்கும் வடக்கே இருந்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். எட்டாவதாக இஸ்ரயேலின் முறை வந்தது. மற்றவர்களுக்குச் சொன்னதைவிட அவர்களுக்குச் சொன்னது நீளமாகவும் கடுமையாகவும் இருந்தது.

பிறகு அவர் கண்ட காட்சிகளில் ஒன்று சுவர். அந்தச் சுவரின் பக்கத்தில் ஆண்டவர் தூக்குக் குண்டைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். அந்த எபிரேயச் சொல்லுக்குத் தகரம் என்று பொருள் கொள்ளும் அறிஞர்களும் உண்டு. ஆனால் பல மொழிபெயர்ப்புகள் தூக்குக் குண்டு என்றே கொண்டுள்ளன. நம் கொத்தனார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். பூச்சும் வெள்ளையும் அடித்துவிட்டால் இன்னும் நேராகத் தெரியும். நூலைத் தொங்கவிட்டால்தான் கோணல் தெரியும். யார் கட்டிய சுவர், எவ்வளவு செலவு என்றெல்லாம் நூல் பார்ப்பதில்லை.

பெத்தேலின் குரு அமட்சியாவுக்கு இந்தப் பேச்சு பொறுக்கவில்லை. இது அரசரின் கோவில், உன் ஊருக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்று விரட்டினார். நான் இறைவாக்கினரின் மகன் அல்ல, ஆடு மேய்த்தவனை ஆண்டவர் அழைத்தார், வந்தேன் என்பதே ஆமோசின் பதில். இரண்டு ஆண்டுகளில் ஒரு நிலநடுக்கம் வந்ததாக நூலின் முதல் வசனமே குறிக்கிறது. ஒரு தலைமுறை கடந்து, கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியர் கையில் வீழ்ந்தது.

எருசலேமில் ஒரு கல், வடக்கன்குளத்தில் ஒரு சுவர்

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1871-இல் எருசலேமில் ஒரு கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. இயேசு நடமாடிய கோவிலில் இருந்த கல் அது. பிற இனத்தார் இந்தத் தடுப்பைத் தாண்டினால் சாவுதான் என்று அதில் கிரேக்கத்தில் எச்சரிக்கை எழுதியிருந்தது. கிறிஸ்து தம் உடலால் இடித்துப்போட்டார் என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதும் பிரிவினைச் சுவரை நினைக்கும்போது, இந்தக் கல் நம் கண்முன் வருகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1872-இல், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. பலிபீடம் ஒன்று. ஆனால் மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு. பிள்ளைமாரும் முதலியார்களும் ஒரு கூடத்தில், நாடார்களும் மற்றவர்களும் இன்னொரு கூடத்தில். நடுவில் சுவர். இரண்டு பக்கத்தாரும் பலிபீடத்தைப் பார்க்கலாம்; ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பவுல் இடிந்துவிட்டது என்று சொன்ன சுவரை, பவுலின் திருமுகம் வாசிக்கப்படும் ஆலயத்துக்குள்ளேயே நாம் திரும்பக் கட்டிக்கொண்டோம்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1606-இல் தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். இந்த மண்ணின் மொழியையும் வாழ்முறையையும் மதித்து நற்செய்தி அறிவித்ததற்காக அவருக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மதுரை மிஷனில் உயர்சாதியாருக்கு ஒருவகைத் துறவிகள், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று பணியாளர்களே பிரிந்து நின்றார்கள். 1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்றுக் கிடக்கும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரின் வீட்டுக்குள் போய் அருளடையாளம் வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பதும் அந்த ஆணையில் ஒன்று. சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் குரு நுழைய வேண்டும் என்பதற்கே ஓர் ஆணை தேவைப்பட்ட காலம் அது! ஆண்டுக்கணக்கில் அதைப்பற்றி வாதம் நடந்தது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொன்னபோது, அந்த மக்களுக்கென்று தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாடு ஏற்கப்பட்டது. பணி நடந்தது, பிரிவினையும் நிலைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1745 மே 14 அன்று, இதே வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி ஒருவருக்குத் திருமுழுக்கு கொடுத்தார். திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நட்டாலம் ஊர்க்காரர் அவர். இலாசர் என்ற பெயருக்குத் தமிழாக, தேவசகாயம் என்று பெயர் பெற்றார். உயர்ந்த குடியில் பிறந்தவர், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். அரண்மனையில் பலருக்கு அது பொறுக்கவில்லை. துன்பங்கள் பல பட்டு, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரைத் திரு அவை நீக்கிவிட்டுத்தான் அவரைப் பீடத்தில் ஏற்றியது.

அப்படிப்பட்டவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில்தான் 127 ஆண்டுகள் கழித்து அந்தச் சுவர் எழுந்தது. புனிதர்கள் பிறந்த இடம் என்பதால் ஓர் ஊர் தானாகப் புனிதமாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பெத்தேலும் யாக்கோபு கனவு கண்ட புனித இடம்தானே!

அன்று வடக்கன்குளம் திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. 1910-இல் திரு அவைத் தலைமை துணிந்து அந்தச் சுவரை இடித்தது. உடனே வழக்கு வந்தது. அந்தப் பிரிவினை தங்கள் உரிமை, சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று ஒரு பக்கத்தார் ஆயர்மீது வழக்குத் தொடுத்தார்கள். மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் அவர்களுக்குத் தோல்வி. கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதிச் சுவர் கேட்க உரிமை இல்லை என்று ஒரு நீதிமன்றம் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆலயம் அப்போது எவ்வளவு நாளாக அந்தச் சுவரோடு இருந்தது தெரியுமா? 38 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அங்கே பிறந்து, திருமணம் முடித்து, பிள்ளைகளுக்கும் முதல் நற்கருணை கொடுத்தவர்கள், ஒருமுறைகூட மறுபக்கத்தாரோடு சேர்ந்து நின்று பூசை கண்டிருக்க மாட்டார்கள்.

2008: இரண்டு ஊர்கள்

பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2008 மே 6 அன்று நம் மதுரை மாவட்டத்தின் உத்தப்புரத்தில், தலித் மக்களின் குடியிருப்பை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை அரசு அதிகாரிகள் இடித்தார்கள். நாடே அதைப் பேசியது. கிறிஸ்தவர்களாகிய நாமும் மகிழ்ந்தோம்; மகிழ வேண்டியதுதான். ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, அதே 2008 மார்ச்சில், விழுப்புரம் பகுதியின் எறையூரில் என்ன நடந்தது? அது கத்தோலிக்கர் நிறைந்த ஊர். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதை ஒட்டி மோதல் மூண்டது. காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். இரு பக்கமும் செபமாலை சொல்லும் குடும்பங்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சாதிச் சுவரும் நாடறிந்த செய்திதான்.

உத்தப்புரம் நமக்குத் தமஸ்கு, காசா மாதிரி. அதைக் கேட்கும்போது கைதட்டுகிறோம். எறையூர் என்று வரும்போது ஆமோஸ் நம் பக்கம் திரும்புகிறார்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்டு 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவத் தலித்துகளுக்குப் பட்டியல் சாதியினரின் உரிமைகளை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. நமக்கு இன்னும் திறக்கவில்லை. இது அநீதி. ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து நாம் நீதி கேட்பது முற்றிலும் சரி. ஆனால் அரசிடம் நீட்டும் அதே நூலை நம் ஆலயத்திலும் தொங்கவிட வேண்டும் அல்லவா? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அதைத்தான் செய்தது. இந்தியாவின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்றும், திரு அவைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்றும் ஆயர்கள் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்கள். 2003-இல் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, சாதி பார்ப்பது உண்மையான மானிட ஒற்றுமைக்கு எதிரான அடையாளம் என்ற கருத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வலியுறுத்தினார்.

நம் ஊரில் தொங்கவிட வேண்டிய நூல்

இன்று ஆலயத்தில் செங்கல் சுவர் இல்லை. எல்லாரும் ஒரே நற்கருணை வரிசையில் வருகிறோம். அதற்காக ஆண்டவருக்கு நன்றி. ஆனால் சுவர் எங்கெங்கே ஒளிந்துகொள்ளும் என்று நமக்குத் தெரியும். திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவரை போகிறது, எந்தத் தெருவின் முனையில் திரும்பிவிடுகிறது? திருவிழா வரி எல்லாத் தலைக்கட்டிடமும் கேட்கப்படுகிறதா, அல்லது உங்களிடம் வேண்டாம் என்று சிலரை மரியாதையாக ஒதுக்கிவிடுகிறோமா? பங்குப் பேரவையில் யார் பேச, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? பீடச் சிறுவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள்? கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை யாருக்கு? அன்பியக் கூட்டத்துக்குப் போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமா, தாகம் இல்லை என்று சொல்லிவிடுகிறோமா? பெண் பார்க்கும்போது நம் கத்தோலிக்கம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

வாடிப்பட்டி மேளம் என்றால் தமிழ்நாடே அறியும். ஆரோக்கிய அன்னையின் தேர் புறப்படும்போது அந்த மேளம் இல்லாவிட்டால் நமக்குத் திருவிழாவாகவே தோன்றாது. உங்கள் பாடல்களின் இரைச்சலை என்னை விட்டு அகற்றுங்கள் என்ற பொருளில் ஆண்டவர் ஆமோஸ் வழியாகப் பேசினார். மேளத்தின்மேல் அவருக்கு என்ன கோபம்? அடிக்கிற கைக்கு வேலையும் கூலியும் கொடுத்துவிட்டு, அந்தக் கையை நாம் பிடிக்காமல் விட்டால் அந்த ஓசையை அவர் எப்படிக் கேட்பார்!

இரைச்சலுக்குப் பதிலாக ஆண்டவர் கேட்டது வற்றாத ஆறாக ஓடும் நீதியை. மழைக்கு மட்டும் ஓடிப் பிறகு மணலாகக் கிடக்கும் காட்டாறுகள் அந்த நாட்டில் நிறைய உண்டு. வைகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வேறுபாடு தெரியும். பேரணையில் மதகு திறந்தால் முதல் நாள் தலைமடைக்குத் தண்ணீர் வரும். கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. திருவிழாவின் ஒன்பது நாளும் ஓடிவிட்டுப் பத்தாம் நாள் வற்றும் சமத்துவம் காட்டாறுதான். தலைமடையில் இருப்பவர்கள் வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதே என்று சொல்வதை நாம் கணக்கில் எடுக்கக்கூடாது. கடைமடைக்காரரைக் கேட்க வேண்டும். ஆகவே மேலே சொன்ன கேள்விகளுக்கு நாமே பதில் எழுதிக்கொள்ளாமல், இதுவரை ஓரத்தில் நின்றவர்களைக் கேட்போம். வரும் செப்டம்பர்த் திருவிழாவுக்கான பேரவைக் கூட்டத்தில் முதலில் அவர்களைப் பேச விடுவோம். சப்பரம் போகும் தெருக்களை அவர்களோடு நடந்து பார்த்து முடிவு செய்வோம். எந்த வாசலில் இதுவரை நின்றே பேசினோமோ, அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்து வருவோம்.

எங்கள் குலம் தனி என்று பெருமை பேசிய இஸ்ரயேலரிடம் ஆண்டவர் கேட்டது நூலின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. எத்தியோப்பியரும் நீங்களும் எனக்கு ஒன்றுதானே என்றார். உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர், பெலிஸ்தியரையும் சிரியரையும் அவர்கள் இடத்திலிருந்து கொண்டுவந்தவரும்தான் என்றார். ஆனால் நூல் தண்டனையோடு முடிவதில்லை. விழுந்து கிடக்கும் தாவீதின் கூடாரத்தை மீண்டும் எழுப்புவேன், அதன் கிழிசல்களைச் சரிசெய்வேன் என்பது ஆண்டவரின் வாக்கு. ஏறக்குறைய 800 ஆண்டுகள் கழித்து எருசலேமில் திருத்தூதர்கள் கூடினார்கள். பிற இனத்தாரைத் திரு அவையில் சமமாகச் சேர்ப்பதா என்று வாதம் எழுந்தது. அப்போது யாக்கோபு எழுந்து ஆமோசின் இந்த வாக்கை எடுத்துக்காட்டித்தான் கதவைத் திறந்துவிட்டார். திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். அந்தக் கதவு வழியாகத்தான் நம் முன்னோரும் உள்ளே வந்தார்கள். நம்மில் எவரும் வேறு வாசல் வழியாக வரவில்லை.

மன்றாடுவோம்: நீதியின் ஆண்டவரே, பிறருடைய சுவர்கள் எங்கள் கண்ணுக்கு உடனே தெரிகின்றன. உமது தூக்கு நூலை எங்கள் வீட்டிலும், எங்கள் தெருவிலும், எங்கள் ஆலயத்திலும் தொங்கவிடும். கோணலைக் கண்டபின் அதன்மேல் வெள்ளை பூசாமல், இடித்துக் கட்டும் துணிவை எங்களுக்குத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆரோக்கிய அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.